உச்சரிப்பில் நாக்கின் பங்கு எவ்வளவு, ஊரின் பங்கு எவ்வளவு?

பேச்சு என்று வந்துவிட்டால் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருப்போம். நாக்கு தடிப்பு, பரம்பரை, வெயில், தண்ணீர், வளர்ப்பு என்று எதையாவது காரணமாகச் சொல்லிவிடுவோம். இதில் எது உடம்பு, எது பழக்கம் என்று அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கட்சி எது என்பதையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். எது சுலபம், எது சிரமம் என்பது வரைதான் உடம்பின் அதிகாரம். அதில் எதைப் பேசுவது என்று தீர்மானிப்பது சுற்றியிருக்கிற ஆட்கள்.

எனக்கு ழகரம் வரவில்லை. என் நாக்கில் ஏதாவது குறையா?

அநேகமாக இருக்காது. நாக்கின் நுனியைப் பின்னால் வளைத்து, மேலண்ணத்தைத் தொடுவதுபோலப் போய்த் தொடாமல் நிறுத்தினால் ழ. அதே இடத்தில் நுனியை நன்றாக ஒட்டவைத்து, இரண்டு ஓரங்களிலும் காற்றை விட்டால் ள. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு நூல் இடைவெளிதான். ள சொல்கிற நாக்கு ழ சொல்வதற்கு உடம்பில் தடை எதுவும் கிடையாது.

அப்புறம் ஏன் வரவில்லை? சின்ன வயதில் உங்களைச் சுற்றி அதைச் சொன்னவர்கள் குறைவு, அவ்வளவுதான். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் பேச்சில் ‘வாளப்பளம்’ என்பார்கள். யாழ்ப்பாணப் பேச்சிலும் ழ பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். சென்னையில் அதுவே ‘வாயப்பயம்’ ஆகும். ‘இழுத்து’ என்பது ‘இஸ்து’ ஆவதும் அங்கேதான். இதைக் கொஞ்சம் கவனியுங்கள்: நாக்குக் கோளாறு என்றால் ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் பிசகியிருக்க வேண்டும். ஒரு மாவட்டமே சேர்ந்து, ஒரே எழுத்தை, ஒரே பக்கமாக மாற்றியிருக்கிறது என்றால் அது ஊர் வழக்கு.

இதைவிடப் பெரிய சாட்சி பக்கத்து மொழிகள். நாம் ஏழு என்பதை மலையாளிகளும் ஏழு என்கிறார்கள். கன்னடத்தில் அது ஏளு, தெலுங்கில் ஏடு. பழைய கன்னடத்தில் ழகரமும் இருந்தது, அதற்குத் தனி எழுத்தும் இருந்தது. போகப்போக அது ளகரத்தோடு கலந்துவிட, எழுத்தும் வழக்கொழிந்தது. ஓசூர்க்காரர் நாக்குக்கும் பெங்களூர்க்காரர் நாக்குக்கும் மருத்துவர் யாரும் வித்தியாசம் சொல்லப்போவதில்லை. ஒலி போய்விட்டது, நாக்கு அப்படியேதான் இருக்கிறது.

சரி, ழ உலகத்திலேயே தமிழில் மட்டும்தான் இருக்கிறதாமே?

இல்லை. மலையாளத்தில் இருப்பது நமக்கே தெரியும். மாண்டரின் சீனத்தில் சொல்லின் முதலில் வரும் ரகரம் இதற்கு மிக நெருக்கம். அமெரிக்கர்களில் ஒரு பகுதியினர் ஆங்கில ரகரத்தை நாக்கை வளைத்துச் சொல்வார்கள், அதுவும் ஏறக்குறைய இதே ஒலிதான். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகள் பலவற்றிலும் இது உண்டு. ‘தமிழனுக்கு மட்டும் வாய்த்த ஒலி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெருமைக்கு நல்லது, உண்மைக்கு உதவாது.

தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் ஒலிகள் ரத்தத்திலேயே இருக்குமா?

இருக்காது. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தையைக் கைக்குழந்தையாகவே ஒரு நார்வேக் குடும்பத்திடம் கொடுத்தால், அது நார்வேக்காரர் மாதிரியே பேசும். தமிழ் வாடைகூட இருக்காது. எந்த மனிதக் குழந்தையும் எந்த மனித மொழியையும் பழுதில்லாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடித்துக்கொள்ளும் திறன்தான் பிறவியில் வருவது.

ஆனால் அந்தத் திறன் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதில்தான் சுவாரசியம். 1984-இல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியில் உள்ள த, ட வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. ‘பத்து’ வேறு, ‘பட்டு’ வேறு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆறு முதல் எட்டு மாதம் ஆன குழந்தைகளோ இரண்டையும் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்த வேறுபாடு அவற்றின் காதிலிருந்து கிட்டத்தட்டப் போய்விட்டது. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளுக்குப் போகவில்லை.

காது கெட்டுப்போனதாக இதற்கு அர்த்தமில்லை. வீட்டில் பேசும் மொழிக்குத் தேவையில்லாத வேறுபாடுகளை மூளை கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. முதல் பிறந்தநாள் வருவதற்குள்ளேயே இந்தக் கழிவு பெருமளவு நடந்துவிடுகிறது. நம்மில் பலருக்கு இந்தியின் க, க்ஹ வேறுபாடு பிடிபடாமல் போவதற்கும் இதுதான் காரணம். பள்ளியில் இந்தி வாத்தியார் எத்தனை முறை சொன்னாலும் வாய் தடுமாறுவதற்குக் காரணம், காது முதலிலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டதுதான்.

கருப்பையிலேயே இது ஆரம்பமாகிவிடுகிறது. 2009-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்கியது. அந்தந்த மொழியின் ராகமும் அப்படித்தான். வயிற்றுக்குள் எழுத்தெல்லாம் தெளிவாகக் கேட்காது. அம்மா பேசுகிற ஏற்ற இறக்கம் கேட்கும்.

பேச்சுக்கென்றே ஒரு மரபணு கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேனே?

அது ஃபாக்ஸ்பி2. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பேச்சில் கடும் சிரமம் இருந்தது. உதடு, நாக்கு, தாடை மூன்றையும் வேகமாக, வரிசை தவறாமல் அசைக்க அவர்களால் முடியவில்லை. 2001-இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். செய்தித்தாள்கள் உடனே ‘மொழி மரபணு’ என்று தலைப்பு போட்டன. ஒரு மரபணு பழுதானால் பேச்சு பாதிக்கப்படும் என்பது வேறு, அந்த ஒன்றில்தான் மொழியே அடங்கியிருக்கிறது என்பது வேறு. எந்த மொழியைப் பேசுகிறோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

யூடியூப்பில் தமிழ்ப் பாட்டு போட்டுவிட்டால் வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு உச்சரிப்பு வந்துவிடுமா?

கைக்குழந்தைக்கு வராது. அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா கூலின் குழுவினர் 2003-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு குழுவோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவித் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. ஆகவே பாட்டியை வரவழைத்துக் குழந்தையோடு உட்காரவையுங்கள். வீடியோ காலில் பாட்டி பேசுவதும், குழந்தையின் சத்தத்துக்குப் பதில் சத்தம் கொடுப்பதால், பாட்டை ஓடவிடுவதைவிட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

பழைய ஆட்கள் ‘காப்பி’, ‘பேன்’, ‘ஆபீசு’ என்கிறார்களே, தமிழ் வாய்க்கு ஃப வராதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல அறிவியல் கதை இருக்கிறது. ஃப சொல்வதற்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். குழந்தைகளுக்கு மேல்வரிசைப் பல் கீழ்வரிசையைவிடச் சற்று முன்னால் நிற்கும். முன்காலத்தில் கடினமான உணவைக் கடித்துக் கடித்துப் பல் தேய்ந்து, பெரியவர்கள் ஆகும்போது இரண்டு வரிசையும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். தானியத்தை அரைத்து, மாவாக்கி, வேகவைத்து மென்மையாகத் தின்னப் பழகியபின் அந்தத் தேய்மானம் குறைந்தது. மேல்பல் முன்தள்ளி நிற்பது கடைசிவரை நீடித்தது. அதனால் ஃப போன்ற ஒலிகள் பெருகின என்று 1985-இல் சார்லஸ் ஹாக்கெட் என்ற அமெரிக்க மொழியியலாளர் எழுதினார். அப்போது யாரும் பெரிதாக நம்பவில்லை. 2019-இல் டாமியன் பிளாசியும் பாலதாசர் பிக்கெலும் அடங்கிய குழு கணினியில் தாடை மாதிரி செய்து பார்த்தது. மேல்பல் முன்னால் இருந்தால் இந்த ஒலிகளுக்குத் தசையின் உழைப்பு சுமார் 29 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்கிற சமூகங்களின் மொழிகளில் இவ்வகை ஒலிகள், விவசாயச் சமூகங்களின் மொழிகளில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான் என்றும் காட்டினார்கள். அடுப்பும் அம்மியும் பல்லை மாற்றி, பல் ஒலியை மாற்றிய கதை இது.

சரி, அப்படியானால் அரிசிச் சோறு தின்கிற தமிழருக்கு ஃப ஏன் இல்லை? இங்கேதான் உடம்பின் கதை முடிந்து பழக்கத்தின் கதை தொடங்குகிறது. ‘வண்டி’ என்று சொல்லிப் பாருங்கள். மேல்பல் கீழுதட்டைத் தொடுகிறதா? ‘பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்று தொல்காப்பியமே சொல்கிறது. அதாவது ஃப பிறக்க வேண்டிய இடம் நம் வாயில் தயாராகத்தான் இருக்கிறது. வகரம் சொல்கிற நிலையிலேயே உதட்டை வைத்துக்கொண்டு, குரலை நிறுத்திக் காற்றை மட்டும் அழுத்தி ஊதுங்கள். அதுதான் ஃப. தமிழ் அந்த இடத்தை வகரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஊதுவதை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் ஆங்கிலச் சொல் வந்தபோது கேட்டவர்கள் அதைப் பகரத்தில் போட்டார்கள். அடுத்த தலைமுறை பள்ளியில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தது, ஃபேன், ஃபோன் எல்லாம் சுளுவாக வந்துவிட்டன. முப்பது வருடத்தில் யாருக்கும் தாடை மாறவில்லை.

காப்பி மட்டும் காப்பியாகவே இருக்கட்டும் என்பது என் சொந்த விருப்பம்.

இலங்கைத் தமிழர்கள் ‘ரிக்கற்’, ‘ரொறன்ரோ’ என்று எழுதுவது ஏன்? அப்படியா அவர்களுக்குக் கேட்கிறது?

ஆமாம், அப்படித்தான் கேட்கிறது. நாம் ‘டிக்கெட்’ என்று எழுதுவதும் அதேபோல நம் காதில் கேட்டபடிதான். என்னைக் கேட்டால், ஒலி விஷயத்தில் அவர்கள் எழுதுவதுதான் ஆங்கிலத்துக்குக் கிட்டே இருக்கிறது.

மூன்று இடங்களில் நாக்கை வைத்துப் பார்க்கலாம். நுனி நாக்கு பல்லைத் தொட்டால் ‘பத்து’. பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ‘பட்டு’. இரண்டுக்கும் நடுவில், மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் தொட்டால் வருவதுதான் பழைய ‘ற்ற’. யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ சொல்லும்போது கேளுங்கள், நாக்கு அந்த மேட்டில்தான் அடைக்கும். தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த நடு ஒலி பெரும்பாலும் போய்விட்டது. பேசும்போது ‘காத்து’ என்கிறோம், புத்தகத்தைப் படிக்கும்போது ‘காட்ரு’ என்பதுபோல் ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறோம். கன்னியாகுமரிப் பக்கமும் மலையாளத்திலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலத்தின் ‘டி’ (t) எழுத்து ஒலிக்கும் இடமும் அந்த நடு மேடுதான். யாழ்ப்பாணக் காதில் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது, அதனால் நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. எழுத்தில் அதற்குக் கிடைத்த அடையாளம் ற, ர. நம் காதில் த, ட என்று இரண்டு அறைதான், நடுவில் வந்ததை ட அறைக்குத் தள்ளிவிட்டோம். மலையாளிகள் இரண்டுங்கெட்டானாக, ‘டிக்கற்ற்’ என்று முதலில் ட-வும் கடைசியில் ற்ற-வும் போட்டு எழுதுகிறார்கள். ஒரே ஆங்கிலச் சொல், ஒரே மாதிரி வாய்கள், மூன்று எழுத்துக் கூட்டல். தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதும், அவர்கள் நம் ‘டொராண்டோ’வைப் பார்த்துச் சிரிப்பதும் சமூக வலைத்தளங்களில் தினமும் நடக்கிறது.

எல்லா மொழியிலும் அம்மாவுக்கு ‘மா’ வருகிறதே, அது இயற்கையா?

ஒலி இயற்கை, பொருள் நாம் கொடுத்தது. உதட்டை மூடித் திறந்தால் மா, பா. நாக்கை மட்டும் தூக்கி இறக்கினால் தா. குழந்தை மழலையில் முதலில் செய்யக்கூடியது இவ்வளவுதான். பல் வேண்டாம், நாக்கை வளைக்க வேண்டாம். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தை சும்மா உளறுவதைப் பெரியவர்கள் ‘என்னைத்தான் கூப்பிடுகிறது’ என்று எடுத்துக்கொள்வதுதான் மீதிக் கதை. நம் உறவுப் பெயர்களை அடுக்கிப் பாருங்கள்: அம்மா, அப்பா, மாமா, தாத்தா, பாப்பா. எல்லாம் அந்த மூன்று ஒலிக்குள் அடங்கிவிடும்.

ஆனால் யாருக்கு எதைக் கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் வேறு. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. அதே ‘மாமா’ உலகத்தின் பல மொழிகளில் தாய், நமக்குத் தாயின் உடன்பிறந்தவர்.

ஒலிக்கும் உருவத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார்களே?

கொஞ்சம் இருக்கிறது. 2001-இல் மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் (சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்) எட்வர்ட் ஹப்பர்டும் முனை முனையாக ஒரு படத்தையும் வளைவு வளைவாக ஒரு படத்தையும் காட்டி, எது ‘கிக்கி’, எது ‘பூபா’ என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்டதில், 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் முனையுள்ளதைக் கிக்கி என்றார்கள். மொழி எதுவானாலும் மூளை இப்படிச் சாய்கிறது. இதை வைத்துக்கொண்டு எல்லாச் சொல்லும் இயற்கையிலிருந்து வந்தது என்று கிளம்பிவிடக் கூடாது.

ஆப்பிரிக்காவில் நாக்கைச் சொடுக்கிப் பேசுகிறவர்களுக்கு வாய் அமைப்பே வேறா?

நாமும் சொடுக்குகிறோம். யாராவது கெட்ட செய்தி சொன்னால் ‘ச்சு ச்சு’ என்கிறோமே, அது ஒரு சொடுக்கொலி. மாட்டை ஓட்டும்போது நாக்கின் ஓரத்தால் எழுப்புகிற சத்தம் இன்னொன்று. வாய்க்கு இது தெரியும். நாம் அதைச் சொல்லுக்குள் எழுத்தாக வைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் கோய், சான் மக்கள் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலருக்கு மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேடு தட்டையாக இருப்பதால் சொடுக்குவது சற்று எளிது என்று ஒரு கணினி ஆய்வு 2017-இல் வந்தது. இருக்கலாம். ஆனால் அதோடு முடியவில்லை.

சுலு, கோசா மொழிகள் வேறு குடும்பம். அவற்றில் முதலில் சொடுக்கொலி இல்லை, பக்கத்தில் இருந்தவர்களிடமிருந்து வாங்கியது. எப்படி வாங்கினார்கள் என்பதுதான் நமக்கு நெருக்கமான கதை. அங்கே ‘ஹ்லோனிபா’ என்று ஒரு மரியாதை வழக்கம் உண்டு. மருமகள், மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரில் உள்ள அசையைக்கூட வேறு சொற்களில் உச்சரிக்கக் கூடாது. அந்த அசை வரும் இடத்தில் ஒலியை மாற்றிச் சொல்ல வேண்டும், அப்படி மாற்றுவதற்கு அண்டை மொழியின் சொடுக்கொலிகள் கைகொடுத்தன என்பது மொழியியலாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். புருஷன் பெயரைச் சொல்லாமல், அதே பெயருள்ள சாமியைக்கூடச் சுற்றி வளைத்துச் சொன்ன பாட்டிமார்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். நம் பாட்டிகள் சொல்லை மாற்றினார்கள், அந்த மருமகள்கள் எழுத்தையே மாற்றிவிட்டார்கள்.

வெயில், குளிர், மலை இதெல்லாம் உச்சரிப்பை மாற்றுமா?

உயர்ந்த மலைப் பகுதிகளில் தொண்டையை அடைத்து வெடிக்கும் ஒலிகள் அதிகம் என்று 2013-இல் ஓர் ஆய்வும், வறண்ட ஊர்களில் சீனம் போன்ற தொனி மொழிகள் (குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும் மொழிகள்) குறைவு என்று 2015-இல் இன்னொன்றும் வந்தன. இரண்டின் மீதும் சர்ச்சை ஓயவில்லை. நான் நீலகிரியைக் காட்டுவேன். தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் அதே குளிரில், அதே மழையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். தோட மொழியில் திராவிட மொழிகள் வேறு எதிலும் இல்லாத அளவுக்கு உரசொலிகள் (காற்று உரசி வரும் ஒலிகள்) உண்டு, ஃப உட்பட. பக்கத்து ஊர் மொழிகளில் அப்படி இல்லை.

ஆண் குரல், பெண் குரல்: இதாவது முழுக்க உடம்புதானே?

பெரும்பகுதி உடம்புதான். பருவம் வந்ததும் பையன்களின் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வளர்ந்த ஆணின் குரல்நாண் பேசும்போது நொடிக்குச் சுமார் 120 முறை அதிரும், பெண்ணுடையது 200 வாக்கில். இருந்தும் பருவத்துக்கு முன்னால், குரல்வளை அளவில் பெரிய வித்தியாசம் இல்லாத வயதிலேயே, கண்ணை மூடிக் கேட்டுப் பல நேரம் பையனா பெண்ணா என்று சொல்லிவிடலாம். இது பார்த்துப் பழகியது. ஜப்பானில் பெண்கள் மரியாதையாகப் பேசும்போது குரலை வழக்கத்தைவிட உயர்த்திக்கொள்வதும் அப்படித்தான். ‘பொம்பள மாதிரி பேசாதே’ என்று ஒரு சின்னப் பையனை அதட்டுகிறவர்கள், குரல்வளை இன்னும் வளராத பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

வசம்பு தேய்த்தால் நாக்கு புரளுமா? எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு தெளிவாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கைக்குழந்தைக்கு வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நான்கு வயதுக் குழந்தை ‘ரயில்’ என்பதை ‘லயில்’ என்றால் கவலை வேண்டாம். ரகரமும் ழகரமும் கடைசியில் வருபவை. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, இரண்டு வயதாகியும் சொற்கள் வராவிட்டாலோ, வாயைப் பார்ப்பதற்கு முன் காதைச் சோதித்துவிடுங்கள். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று வீட்டில் சொல்லித் தள்ளிப்போடுவதில்தான் நல்ல காலம் வீணாகிறது. கேட்காத குழந்தைக்குக் காது கேட்கும் கருவியோ, உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையோ எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். முதல் வருடத்திலேயே மூளை ஒலிகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிடுகிறது என்று மேலே பார்த்தோமே, அதனால்தான் இந்த அவசரம்.

உண்மையிலேயே வாய் அமைப்பு தடையாக இருப்பது பிளவுபட்ட அண்ணத்தில். க, ச, ப சொல்ல வாய்க்குள் காற்றை அடைத்துவைக்க வேண்டும். அண்ணத்தில் பிளவு இருந்தால் காற்று மூக்கு வழியே கசிந்துவிடும். பொதுவாக ஒன்று, ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து, பிறகு பேச்சுப் பயிற்சியும் கொடுப்பார்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக ஒட்டியிருப்பது வேறு விஷயம். அது பால் குடிக்கச் சிரமம் தரலாம். பேச்சுக்கு அது தடையாவது அபூர்வம், வெட்டிவிட்டால் ழ வந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோடுவது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது?

உச்சரிப்பு, மறைக்கக் கடினமான அடையாளம் என்பதால். 1963-இல் மொழியியலாளர் வில்லியம் லபாவ் அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவைப் பற்றி எழுதினார். கோடைக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்து நிறைய, தீவின் மீனவர்கள் ஐ, ஔ ஒலிகளைப் பழைய பாணிக்குத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தீவிலேயே இருக்கப்போகிறேன் என்று நினைத்தவர்களிடம் அது அதிகம், வெளியூர் போக நினைத்தவர்களிடம் குறைவு. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்பதை வாய் தானாகச் சொன்னது.

இதற்குக் கொடூரமான பக்கமும் உண்டு. பைபிளில் நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், தோற்று ஓடும் எதிரிக் குலத்தாரைப் பிடிக்க, ஆற்றைக் கடக்க வந்தவர்களை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். ‘சிபோலேத்’ என்றவர்களை வெட்டுகிறார்கள். எண்ணிக்கை 42,000 என்கிறது அந்த அதிகாரம். இது பழைய கதையாகவே நின்றுவிடவில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் பேருந்துகளை மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லவைத்துத் தமிழர்களைப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். அதன் முதல் எழுத்து, ‘பாம்பு’ என்பதன் இரண்டாம் பகரம்போல அதிர்ந்து ஒலிக்க வேண்டும். தமிழில் அந்த ஒலி சொல்லின் நடுவில் வரும், தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. அதை நான் இங்கே எழுத்தில் காட்டவும் முடியவில்லை. அந்த ஒலியை எழுப்ப எல்லோருக்கும் உதடு இருந்தது. அவசரத்தில், பயத்தில், பழகிய ஒலிதான் வாயில் வந்தது.

இதற்குப் பிறகும், ழகரம் வராதவரை மேடையில் வைத்துக் கேலி செய்கிற நிகழ்ச்சிகளை என்னால் ரசிக்க முடிவதில்லை.

வளர்ந்தபின் புதிய ஒலியைக் கற்க முடியுமா? ழ-வுக்கு என்ன பயிற்சி?

முடியும். ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல வேறுபாடு கேட்காது என்பது பிரசித்தம். 1991-இல் வந்த ஓர் ஆய்வில், பல பேர் குரலில் பல சொற்களைக் கேட்கவைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிப் பயிற்சி கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் கேட்டால் அந்த ஆளின் குரல்தான் பழகும். பல குரல்கள் வேண்டும்.

ஆகவே முதலில் காது. நன்றாக ழ சொல்கிற இரண்டு மூன்று பேரை விழி/விளி, வாழை/வாளை, கழை/களை என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம், எது என்று மட்டும் சொல்லுங்கள். தப்பு குறைந்தபின் வாய்க்கு வரலாம். நீளமாக ‘ஆ’ சொல்லிக்கொண்டே, குரலை நிறுத்தாமல் நாக்கு நுனியை மெல்லப் பின்னால் வளையுங்கள். எங்கேயும் தொடக் கூடாது. ஒலி தானாக ‘ஆழ்’ ஆகும். தொட்டுவிட்டால் ள வந்துவிட்டது என்று அர்த்தம், திரும்ப ‘ஆ’விலிருந்து தொடங்குங்கள். ‘ஆழ்’ பிடிபட்டதும் வாழ், தாழ், கீழ் என்று கடைசியில் ழ வரும் சொற்கள், பிறகு பழம், மழை, கடைசியாக ‘வாழைப்பழம்’.

வாசிக்கும்போது ழ, வீட்டில் பேசும்போது ள என்று இரண்டையும் வைத்திருப்பவர்கள் தென்மாவட்டங்களில் நிறைய. அதில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது ‘பளம் வாங்கினியா’ என்றே கேளுங்கள்.